ஹார்மோன் மாத்திரை எல்லாம் ஒண்ணு இல்ல: ப்ராஸ்டேட் கேன்சர் மாத்திரைகளைப் பத்திரமா சாப்பிடுறது எப்படி

அபிராடிரோன் மாத்திரையை வெறும் வயித்துல போடுறதுக்கும், நெய் மிதக்குற பொங்கலும் ரெண்டு வடையும் சாப்பிட்டுட்டு போடுறதுக்கும் என்ன பெரிய வித்தியாசம் வந்துடப் போகுதுன்னு தான் பலரும் நினைப்பாங்க. கொழுப்பு ஜாஸ்தியா இருக்குற சாப்பாட்டோட போட்டா ரத்தத்துல சேர்ற மருந்து சுமார் 10 மடங்கு ஆகுது, அதனால வழக்கமா வெறும் வயித்துல தான் போடணும். டாரோலூடமைடுன்னு இன்னொரு மாத்திரை, அதுக்கு ரூல் நேர் எதிர், சாப்பாட்டோட போட்டா தான் ஒழுங்கா ஏறும், வெறும் வயித்துல போட்டா ஏற வேண்டியதுல பாதியோ அதுக்கும் கீழயோ தான் ஏறும். பைகாலூடமைடுக்கு சாப்பாடு ஒரு விஷயமே இல்ல, முன்ன பின்ன எப்ப வேணா போடலாம், தினம் ஒரே நேரத்துல போட்டா போதும். ஆனா வீட்டுல இந்த மூணுக்கும் பேரு ஒண்ணு தான், "அப்பாவோட ஹார்மோன் மாத்திரை".

நான் மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல நிக்கிறவன், எங்க கடையில கேன்சர் மருந்தும் வெச்சிருக்கோம். பக்கத்து வீட்டுல ஒருத்தர் இதே நோய்க்கு மாத்திரை சாப்பிடுறாரு, அவரு சாப்பாட்டுக்கு அப்புறம் தான் போடுறாரு, அதனால நாங்களும் அப்படியேன்னு சொல்றவங்களை அடிக்கடி பாக்குறேன். அவருக்கு எழுதினது வேற மருந்தா இருக்கும். பத்திரமா சாப்பிடுறதுன்னா முதல் வேலை, ஸ்ட்ரிப்ல கம்பெனி வெச்ச பெரிய எழுத்துப் பேருக்குக் கீழ சின்ன எழுத்துல இருக்குற மருந்தோட பேரைப் படிச்சு மனசுல வெச்சுக்கிறது தான். கம்பெனிக்குக் கம்பெனி மேல இருக்குற பேரு மாறும், கீழ இருக்குறது மாறாது. நல்லது கெட்டது எல்லாம் அந்த சின்ன எழுத்தைப் பொறுத்து தான்.

இந்த வைத்தியம் எங்க இருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் பாத்துடலாம், அது தெரிஞ்சா பின்னாடி வர்ற ரூலெல்லாம் ஏன்னு புரியும். 1941-ல சிகாகோவுல சார்லஸ் ஹக்கின்ஸ்னு ஒரு சர்ஜன், பரவின ப்ராஸ்டேட் கேன்சர் உள்ளவங்களுக்கு விதையை ஆபரேஷன் பண்ணி எடுத்தா கட்டி சுருங்குது, எலும்பு வலி குறையுதுன்னு காட்டினாரு. டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் தான் அந்த கேன்சருக்குத் தீனி, அதை நிறுத்தினா அது வாடுதுன்னு அப்போ தான் தெளிவாச்சு. அதுக்கு 1966-ல நோபல் பரிசு குடுத்தாங்க. அந்த ஆபரேஷன் இன்னைக்கும் நடக்குது, செலவு கம்மி, ஒரு தடவையோட முடிஞ்சுடும். வேண்டாம்னு சொல்றவங்களுக்கு மாசத்துக்கு ஒண்ணு இல்ல மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு ஊசி, லூப்ரோலைடு, கோசெரிலின் மாதிரி. ஊசி மூளைப் பக்கத்துல இருந்து வர்ற உத்தரவையே நிறுத்திடும், அதனால விதை டெஸ்டோஸ்டிரோன் பண்ணாது. பைகாலூடமைடு மாதிரி மாத்திரை அப்படி இல்ல, டெஸ்டோஸ்டிரோன் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டு, கேன்சர் செல்லுக்குள்ள அது போய் உக்கார்ற இடத்தை மறிச்சுக்கும். தண்ணி டேங்கோட மெயின் வால்வை அடைக்கிறது ஊசி, வீட்டுக்குள்ள ஒவ்வொரு குழாயா அடைக்கிறது மாத்திரை. அபிராடிரோன் மூணாவது வகை, விதை மட்டும் இல்லாம கிட்னிக்கு மேல இருக்குற அட்ரினல் சுரப்பி, கேன்சர் செல்லே கூட, எங்கெல்லாம் இந்த ஹார்மோனைத் தயார் பண்ணுதோ அங்கெல்லாம் தயாரிப்பை நிறுத்தும்.

இதுல ஆரம்பத்துலயே ஒரு கண்டம் இருக்கு, அதை வீட்டுல யாருக்கும் சரியா சொல்லிப் புரிய வைக்கிறது இல்ல. லூப்ரோலைடு, கோசெரிலின் வகை ஊசி போட்ட உடனே டெஸ்டோஸ்டிரோன் குறையாது, முதல்ல ஏறும். ஒரு வாரம் பத்து நாள் ஏறி நின்னுட்டு அப்புறம் தான் விழும், மூணு நாலு வாரத்துல அடிமட்டத்துக்கு வரும். அந்த ஏத்தத்துல கேன்சருக்கு ஒரு விருந்து. முதுகெலும்புல கேன்சர் பரவி இருக்குறவருக்கு அந்த பத்து நாள்ல கட்டி வீங்கி தண்டுவடத்தை அழுத்தினா கால் விழுந்துடலாம், யூரின் அடைச்சுக்கலாம். அதைத் தடுக்க தான் ஊசிக்குச் சில நாள் முன்னாடியே, இல்ல ஊசியோட சேர்த்து, பைகாலூடமைடு ஆரம்பிச்சு சில வாரம் போடச் சொல்றது. ஊசி ஆயிரக்கணக்குல காசு, மாத்திரை சின்னதா இருக்கு, அதனால ஊசி தான் மெயின், மாத்திரை சும்மா சத்து மாத்திரை மாதிரின்னு நினைச்சு "ஊசி போட்டாச்சுல்ல, மாத்திரை அடுத்த மாசம் வாங்கிக்கலாம்"னு சொல்லிட்டுப் போறவங்களை நான் பாத்திருக்கேன். அந்த முதல் மாசத்துக்கு தான் மாத்திரையே. டெகாரெலிக்ஸ்னு இன்னொரு வகை ஊசி இருக்கு, அதுல இந்த ஆரம்ப ஏத்தம் கிடையாது, அதை எழுதின டாக்டர் மாத்திரை எழுதாம விட்டாலும் விட்டுருப்பாரு, பயப்பட வேண்டாம். எந்த ஊசியா இருந்தாலும் கால்ல திடீர்னு பலம் குறைஞ்சா, மரத்துப் போனா, யூரின் நின்னு போனா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அன்னைக்கே ஆஸ்பத்திரி, ராத்திரியா இருந்தாலும்.

பைகாலூடமைடு 50 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒண்ணு, சாதுவான மாத்திரை தான். ரத்தத்துல இருந்து பாதி குறையவே கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும், அதனால ஒரு நாள் மறந்தா குடி முழுகிப் போகாது, மறுநாள் ரெண்டா சேர்த்துப் போட வேண்டாம், வழக்கம் போல ஒண்ணு போட்டா போதும். ஆனா லிவரை கவனிச்சே ஆகணும். ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஒரு எல்எஃப்டி, அதாவது லிவர் ரத்த டெஸ்ட், அப்புறம் முதல் நாலு மாசம் அடிக்கடி, அதுக்கு மேல டாக்டர் சொல்ற இடைவெளியில. இதோட அண்ணன் மாதிரி ஃப்ளூடமைடு, 250 மில்லிகிராம் மூணு வேளை, அதுல லிவர் கெட்டு உயிரே போன கேஸ்கள் பதிவாகி இருக்கு, அந்த மாதிரி கேஸ்ல பாதி முதல் மூணு மாசத்துக்குள்ள வந்தது. சிரமம் என்னன்னா ஃப்ளூடமைடு போட்டா யூரின் தானாவே மஞ்சளாவோ பச்சை கலந்த மஞ்சளாவோ போகும், அது மாத்திரையோட கலர், கெடுதல் இல்ல. மஞ்சக்காமாலையில யூரின் டார்க்கா, டீ டிகாக்‌ஷன் கலருக்குப் போகும், கூடவே கண்ணு மஞ்சளாகும், உடம்பு அரிக்கும், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டும், வலது பக்க விலாவுக்குக் கீழ வலிக்கும். ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரியலன்னா பரவாயில்ல, ஒரு எல்எஃப்டி பாத்துடுங்க, விஷயம் தெரிஞ்சுடும். முன்னாடியே கொழுப்பு லிவர், சாராயப் பழக்கம், பழைய ஹெபடைடிஸ் பி இதெல்லாம் இருந்தா முதல் நாளே டாக்டர்கிட்ட சொல்லிடணும், வெக்கப்பட்டு மறைக்கிற விஷயம் இல்ல இது.

ஊசி இல்லாம பைகாலூடமைடு மட்டும், 150 மில்லிகிராம் அளவுல குடுக்குறதும் உண்டு. இதுல டெஸ்டோஸ்டிரோன் குறையுறது இல்ல, சொல்லப் போனா கொஞ்சம் ஏறும், அதனால ஆசை, தெம்பு எல்லாம் ஓரளவு மிஞ்சும். ஆனா அந்த மிச்ச டெஸ்டோஸ்டிரோன் உடம்புல ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோனா மாறி மார்பு வீங்கி, சட்டை பட்டாலே வலிக்கும். இதை வெளிய சொல்ல எத்தனை பேரு கூச்சப்படுறாங்கன்னு கவுண்டர்ல நின்னு பாத்தா தான் தெரியும், வீட்டம்மாவை ரெண்டடி தள்ளி நிக்கச் சொல்லிட்டு மெல்லமா கேப்பாங்க. கூச்சப்பட்டு மாசக்கணக்குல விட்டா அந்த சதை நிரந்தரமாயிடும், முன்கூட்டியே சொன்னா டமாக்ஸிஃபென் மாத்திரையோ, மார்புல கொஞ்சமா ரேடியேஷனோ குடுத்துத் தடுக்க வழி இருக்கு. இன்னொண்ணு, 150-ஐ எல்லாருக்கும் குடுக்க முடியாது. 8,113 பேரை வெச்சு நடந்த பெரிய ஆய்வுல, ப்ராஸ்டேட்டை விட்டு வெளிய வராத, சும்மா கண்காணிச்சாலே போதும்ங்கிற நிலைமையில இருந்தவங்களுக்கு இந்த மாத்திரை குடுத்ததுல நன்மை தெரியல, இறப்பு கூடுற மாதிரி ஒரு போக்கு தெரிஞ்சது. 2003-ல கனடா அந்த உபயோகத்துக்கான அனுமதியையே வாபஸ் வாங்கிடுச்சு. "கேன்சருன்னு வந்துடுச்சு, சும்மா இருக்குறதுக்கு ஒரு மாத்திரையாவது எழுதிக் குடுங்க டாக்டர்"னு வற்புறுத்துற பிள்ளைங்க இதை ஒரு தடவை யோசிச்சுப் பாக்கலாம்.

இனி அபிராடிரோன். என் கணக்குல வீட்டுல தப்பு நடக்க அதிக வாய்ப்பு உள்ள மாத்திரை இது தான். வழக்கமான டோஸ் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம், எல்லாத்தையும் ஒரே நேரத்துல. 250 மாத்திரைன்னா நாலு, 500 மாத்திரைன்னா ரெண்டு. சாப்பிட்டு குறைஞ்சது 2 மணி நேரம் ஆகி இருக்கணும், போட்டதுக்கு அப்புறம் 1 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணி மட்டும் குடிக்கலாம். நம்ம ஊர்ல இதுக்குப் பெரிய எதிரி காலைக் காபி. "நான் எதுவும் சாப்பிடலையே, காபி தானே குடிச்சேன்"னு சொல்வாங்க, பால் காபியும் சாப்பாடு கணக்கு தான். விடிகாலைல எழுந்ததும் தண்ணியோட மாத்திரையைப் போட்டுட்டு, வாக்கிங் போயிட்டு வந்து காபி குடிக்கிறவங்களுக்கு இந்த ரூல் ஒரு கஷ்டமே இல்ல. காபி இல்லாம கண்ணே திறக்காதுங்கிறவங்க ராத்திரி படுக்கும் போது போட்டுக்கலாமான்னு டாக்டரைக் கேக்கலாம், ஏழரைக்கு சாப்பிட்டுட்டு பத்து மணிக்குப் போட்டா சரியா வரும்.

ஒரு நாள் ஒரு பொண்ணு வந்து, "அண்ணே, அப்பாவுக்கு இந்த மாத்திரை இன்னும் இருபது வேணும், அஞ்சு நாளைக்கு"ன்னு ஸ்ட்ரிப்பை நீட்டுச்சு. 500 மில்லிகிராம் ஸ்ட்ரிப். "ஒரு நாளைக்கு எத்தனைம்மா போடுறாரு?"ன்னேன். நாலுன்னுச்சு. போன மாசம் வரைக்கும் 250 வாங்கி நாலு போட்டுருக்காரு, வேற கடையில 250 இல்லன்னு 500 குடுத்துருக்காங்க, அவரு கை பழக்கத்துல நாலே போட்டுட்டு இருந்துருக்காரு, 2000 மில்லிகிராம். டாக்டருக்குப் போன் போட்டு, ரத்தம் டெஸ்ட் பண்ண அனுப்பினோம். இன்னொரு குழப்பம் நாலு மாத்திரைன்னதும் காலைல ஒண்ணு மத்தியானம் ஒண்ணுன்னு பிரிச்சுப் போடுறது. அப்படிப் போட்டா ரெண்டு மூணு வேளை சாப்பாட்டோட மோதும், அன்னைக்கு உள்ள எவ்வளவு ஏறுச்சுன்னு ஆண்டவனுக்கு தான் தெரியும். எண்ணிக்கையை விட மில்லிகிராமை ஞாபகம் வெச்சுக்கணும், புது ஸ்ட்ரிப் வாங்கும் போதெல்லாம் அந்த நம்பரைப் பாக்கணும்.

இங்க ஒரு விஷயத்தையும் சொல்லிடணும், இல்லன்னா சீட்டுல இருக்குறதைப் பாத்துக் குழம்புவீங்க. சில டாக்டர்கள் 250 ஒண்ணே ஒண்ணு, கொழுப்பு கம்மியான டிபனோடன்னு எழுதுவாங்க. சாப்பாட்டோட போட்டா மருந்து ஜாஸ்தியா ஏறுதுல்ல, அதையே சாதகமாக்கி கம்மி மாத்திரையில காரியம் முடிக்கிற ஐடியா. சிகாகோ யூனிவர்சிட்டிக்காரங்க முன்ன நின்னு 72 பேரை வெச்சுப் பண்ணின ஆய்வு 2018-ல வந்துச்சு, 250-ஐ டிபனோட போட்டவங்களுக்கும் 1000-த்தை வெறும் வயித்துல போட்டவங்களுக்கும் பிஎஸ்ஏ, அதாவது இந்த நோயோட போக்கைக் காட்டுற ரத்த டெஸ்ட் நம்பர், குறைஞ்சது கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்துச்சு. சின்ன ஆய்வு தான், ஆயுசு எவ்வளவு கூடுதுன்னு பாத்த ஆய்வும் இல்ல, ஆனா காசு கட்டுப்படியாகாத குடும்பத்துக்கு இது பெரிய வழி. டாக்டர் அப்படி எழுதினா தைரியமா போடுங்க. டாக்டர் எழுதாம, எங்கயோ கேள்விப்பட்டு நீங்களா மாத்திக்காதீங்க, ஏன்னா அன்னைக்கு டிபன் இட்லியா பூரி மசாலாவாங்கிறதைப் பொறுத்து ஏறுற மருந்தே மாறிடும்.

அபிராடிரோனோட பிரட்னிசலோன் 5 மில்லிகிராம் சேர்த்தே குடுப்பாங்க, சிலருக்கு ஒரு வேளை, சிலருக்கு ரெண்டு வேளை. அது ஸ்டீராய்டுன்னு தெரிஞ்சதும் வீட்டுல யாராவது ஒருத்தர், பெரும்பாலும் போன்ல வெளியூர்ல இருக்குற மருமகன், "ஸ்டீராய்டா, உடனே நிறுத்துங்க, சுகர் ஏறும், எலும்பு கரையும்"னு சொல்லிடுவாரு. சுகர் ஏறும் தான், பொய் இல்ல. ஆனா அது எதுக்கு இருக்குன்னு பாருங்க. அபிராடிரோன் அட்ரினல்ல கார்டிசால்ங்கிற உடம்போட சொந்த ஸ்டீராய்டு தயாரிப்பையும் சேர்த்துக் குறைச்சுடும். கார்டிசால் போதலன்னு மூளை அட்ரினலை இன்னும் வேலை செய்யச் சொல்லி விரட்டும், அந்த விரட்டல்ல உப்பைத் தேக்குற வேற ஹார்மோன் ஓவரா சுரக்கும், பிரஷர் ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் இறங்கும். பிரட்னிசலோன் அந்த விரட்டலை அடக்க குடுக்குறது. அதை மட்டும் நிறுத்திட்டு அபிராடிரோனைத் தொடர்ந்தா பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். சுகர் ஏறினா சுகர் மாத்திரையை மாத்தணும், இதை நிறுத்தக் கூடாது. முதல் 3 மாசம் 2 வாரத்துக்கு ஒரு தடவை லிவர் டெஸ்ட், அப்புறம் மாசம் ஒண்ணு, பிரஷரும் பொட்டாசியமும் மாசா மாசம்.

பொட்டாசியம்னதும் நம்ம வீட்டு அடுக்களைக்கு வரணும். தொண்டை கட்டிக்கிச்சு, இருமல்னா அதிமதுரத்தை வாயில அடக்கிக்கிறது, கஷாயம் போட்டுக் குடிக்கிறது நம்ம பழக்கம். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டா உப்பைத் தேக்கி, பிரஷரை ஏத்தி, பொட்டாசியத்தை இறக்கும், அதாவது அபிராடிரோன் பண்ற அதே கெடுதலை இன்னொரு பக்கத்துல இருந்து பண்ணும். இது ரெண்டும் சேர்றது ஆபத்து. அபிராடிரோன் போடுறவரு அதிமதுரத்தை விட்டுடுறது நல்லது, சில இருமல் மருந்துலயும் லேகியத்துலயும் அது இருக்கும், லேபிளைப் பாருங்க. அதே மாதிரி கால் வீக்கத்துக்குன்னு வேற டாக்டர், இந்த விஷயம் தெரியாம, ஸ்பைரனோலாக்டோன் எழுதிடலாம். மத்தவங்களுக்கு நல்ல மருந்து, ஆனா அது ஆண் ஹார்மோன் உக்கார்ற அதே இடத்துல போய் உக்காந்து பிஎஸ்ஏவை ஏத்தி விட வாய்ப்பு இருக்கு, அபிராடிரோனோட அது வேண்டாம்னு மருந்துக் குறிப்புலயே போட்டுருக்கு. சுகருக்கு பையோகிளிட்டசோன் சாப்பிடுறவங்களும் கவனம், அபிராடிரோன் அதைக் கரைய விடாம தேக்கி சுகரை ரொம்ப கீழ இறக்கிடலாம். ஒரு பக்கம் பிரட்னிசலோன் ஏத்தும், இன்னொரு பக்கம் இது இறக்கும், அதனால முதல் ஒரு மாசம் வீட்டுலயே சுகர் மிஷின் வெச்சு அடிக்கடி பாக்குறது தான் புத்திசாலித்தனம்.

என்ஸலூடமைடு வேற ரகம். இதை 2012-ல அமெரிக்காவுல அனுமதிச்சாங்க, 2016-ல இந்திய பேடன்ட் ஆபீஸ் இதுக்கான பேடன்ட் விண்ணப்பத்தை நிராகரிச்சது, இன்னைக்கு பல இந்தியக் கம்பெனி பண்ணுது, பேரும் பல. 160 மில்லிகிராம், அதாவது 40 கேப்சூல் நாலு, ஒரே வேளையில, சாப்பாட்டுக்கு முன்ன பின்ன எப்படியும். பிரட்னிசலோன் கட்டாயம் இல்ல. ஆனா இது மூளைக்குள்ள போகும். அசதி, மறதி, தள்ளாட்டம், வயசானவங்க கீழ விழுறது, அபூர்வமா வலிப்பு. ஆயிரத்துல அஞ்சாறு பேருக்கு தான் வலிப்பு வருது, ஆனா முன்னாடியே வலிப்போ, ஸ்ட்ரோக்கோ, தலையில பலமான அடியோ பட்டவங்களுக்கு அது கூடும், அதை டாக்டர்கிட்ட சொல்லலன்னா அவருக்குத் தெரிய வழி இல்ல. எலும்பு வலிக்கு டிரமடால் போடுறது சகஜம், அதுவும் வலிப்பைத் தூண்டக்கூடியது, ரெண்டும் சேர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுடணும். பைக் ஓட்டுறது, ஏணியில ஏறுறது, கிணத்துல தனியா குளிக்கிறது இதையெல்லாம் முதல் சில மாசம் தள்ளி வெச்சா நல்லது.

இதோட இன்னொரு குணம், லிவர்ல மருந்துகளை உடைக்கிற வேலையை முடுக்கி விட்டுடும். அதனால கூட போடுற மத்த மாத்திரைங்க சீக்கிரம் கரைஞ்சு போய் பலன் குறையும். அம்லோடிபின்ல கட்டுக்குள்ள இருந்த பிரஷர் மெல்ல ஏறும், ஏற்கெனவே என்ஸலூடமைடே பிரஷரை ஏத்துற மருந்து. கொலஸ்ட்ரால் மாத்திரை அடோர்வாஸ்டாடின் பலன் குறையும். ரத்தம் உறையாம இருக்க அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் போடுறவங்களுக்கு அந்தப் பாதுகாப்பே குறையலாம், இது சின்ன விஷயம் இல்ல. அதே வேலைக்கு வார்ஃபரின் போடுறவங்க கதை இன்னும் வேடிக்கை, பைகாலூடமைடோட போட்டா அதோட வேகம் கூடலாம், என்ஸலூடமைடோட போட்டா குறையலாம், எதை ஆரம்பிச்சாலும் நிறுத்தினாலும் ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறையுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் டெஸ்ட் பாத்தே தீரணும். இந்த முடுக்கல் மாத்திரையை நிறுத்தினாலும் உடனே நிக்காது, சில வாரம் ஓடும்.

அபலூடமைடும் கிட்டத்தட்ட இதே ஜாதி, லிவரை முடுக்குறது, வலிப்பு, விழுறது எல்லாம் உண்டு, கூடுதலா ரெண்டு. நாலு பேருல ஒருத்தருக்கு கிட்ட தோல்ல தடிப்பு வரும், அதை வெயில் கொப்புளம்னு விட்டுடாதீங்க, வாய்ப்புண்ணோ காய்ச்சலோ சேர்ந்து வந்தா உடனே காட்டணும். தைராய்டும் மந்தமாகலாம், ஏற்கெனவே தைராக்ஸின் போடுறவங்களுக்கு டோஸ் கூட்ட வேண்டி வரும். டாரோலூடமைடு, 300 மில்லிகிராம் ரெண்டு ரெண்டா காலைலயும் ராத்திரியும் சாப்பாட்டோட. மூளைக்குள்ள அவ்வளவா போகாது, அதனால வயசானவங்களுக்குத் தோதுன்னு பலரும் நினைக்கிறாங்க, எனக்கும் அது நியாயமாத் தான் படுது. ஆனா கொலஸ்ட்ராலுக்கு ரோசுவாஸ்டாடின் போடுறவங்க உஷார், டாரோலூடமைடு அதை ரத்தத்துல 5 மடங்கு வரைக்கும் தேக்கிடும், தசை வலி, தசை சிதைஞ்சு கிட்னி பாதிக்கிறது வரைக்கும் போகலாம், வேற ஸ்டாடினுக்கு மாத்திக்கிறது சுலபம். நிலுடமைடு, சைப்ரோடிரோன்னு பழைய ஆளுங்களும் இருக்காங்க, முதலாவது நுரையீரலைத் தொடலாம், வெளிச்சத்துல இருந்து இருட்டுக்குப் போனா கண்ணு பழக நேரமாகும், ரெண்டாவதை ரொம்ப நாள் போட்டா மூளை உறையில கட்டி வர்ற ஆபத்து கூடுது, இப்போ ரெண்டையும் எழுதுறது குறைவு.

ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு இந்தக் கூட்டத்துல சேராது. அது ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு, யூரின் சரியா போறதுக்கு. ஆனா தொடர்ந்து போட்டா பிஎஸ்ஏ நம்பரைப் பாதியாக் காட்டும், அதனால ரிப்போர்ட்ல 3-ன்னு இருந்தா நிஜத்துல 6 மாதிரி. அது போடுறீங்கன்னு பிஎஸ்ஏ பாக்குற டாக்டருக்குத் தெரியணும்.

டெஸ்டோஸ்டிரோனை அடக்கினா உடம்பு முழுக்க அதுக்கு விலை குடுக்கும், அது எந்த வழியில அடக்கினாலும் தான். எலும்பு மெலியும், தசை கரைஞ்சு தொப்பை விழும், சுகரும் கொலஸ்ட்ராலும் ஏறும். 2010-ல அமெரிக்க மருந்துத் துறை இந்த ஊசிங்க மேல சுகர், மாரடைப்பு, ஸ்ட்ரோக் பத்தி எச்சரிக்கை போடச் சொன்னது. ஆரம்பத்துலயே எலும்பு அடர்த்தி பாக்குற ஒரு டெக்ஸா ஸ்கேன், விட்டமின் டி லெவல், அப்புறம் நடை மட்டும் போதாது, உக்காந்து எந்திரிக்கிறது, லேசா எடை தூக்குறது மாதிரி தசைக்கு வேலை குடுக்குற பயிற்சி. எலும்புக்கு ஸோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போடப் போறாங்கன்னா அதுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட போய் எடுக்க வேண்டிய பல்லை எடுத்துடணும், பின்னாடி எடுத்தா தாடை எலும்பு ஆறாம போற சிக்கல் இருக்கு. திடீர் திடீர்னு உடம்பு காந்தி வியர்த்துக் கொட்டுறது சித்திரை வெயில்ல வந்தா நரகம் தான், ஆனா ஆபத்து இல்ல, தாங்க முடியலன்னா அதுக்கும் மருந்து உண்டு.

கூடவே நாட்டு மருந்து சாப்பிடலாமான்னு கேக்காதவங்க கிடையாது. நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்ல, ஆனா லிவர் ஏற்கெனவே கண்காணிப்புல இருக்கும் போது இன்னொரு மருந்தை உள்ள விட்டா, நாளைக்கு எல்எஃப்டி ஏறினா எது பண்ணுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. கொரோனா சமயத்துல எதிர்ப்பு சக்திக்குன்னு சீந்தில் கஷாயம் குடிச்சவங்கள்ல 6 பேருக்கு லிவர் பாதிச்சதை மும்பை டாக்டர்கள் 2021-ல எழுதினாங்க, ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்துச்சு, சர்ச்சை ஓடுச்சு. யாரு சொன்னது சரின்னு நாம தீர்ப்பு சொல்ல வேண்டியதில்ல, இந்த மாத்திரைங்களோட அந்த ரிஸ்க் எடுக்குறதுல லாபம் இல்லங்கிறது தான் என் அபிப்பிராயம். எதையும் கேக்காம சாப்பிட்டுட்டு இருந்தீங்கன்னா பாட்டிலைக் கையோட டாக்டர்கிட்ட கொண்டு போய்க் காட்டுங்க, திட்டினாலும் பரவாயில்ல.

சில சில்லறை விஷயம், ஆனா முக்கியம். ஸ்ட்ரிப்பை வெட்டிக் குடுக்குறது எங்க கடைக்காரங்க பழக்கம், வெட்டின துண்டுல பேரும் இருக்காது எக்ஸ்பைரியும் இருக்காது, இந்த மாத்திரைக்கு மட்டும் முழு ஸ்ட்ரிப்பா கேட்டு வாங்குங்க, அட்டைப் பெட்டியோட. மாத்திரையை உடைக்கிறது, பொடிக்கிறது கூடாது. கர்ப்பமா இருக்குற மகளோ மருமகளோ வீட்டுல இருந்தா இந்த மாத்திரையை அவங்க கையால எடுத்துக் குடுக்க வேண்டாம், அதுவும் உடைஞ்சிருந்தா தொடவே கூடாது, வயித்துல இருக்குறது ஆண் குழந்தைன்னா அதோட வளர்ச்சியைப் பாதிக்கலாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், காய்ச்சலுக்குப் போனா கூட, எல்லா மாத்திரை ஸ்ட்ரிப்பையும் ஒரு போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கோங்க. பிரட்னிசலோன் மாசக்கணக்குல போடுறவருக்கு ரெண்டு நாளா வாந்தி, எதுவும் உள்ள நிக்கலன்னா வீட்டுல வெச்சுப் பாக்காதீங்க, அவரு உடம்பு தானா ஸ்டீராய்டு சுரக்க மறந்து போயிருக்கும், பிரஷர் சரிஞ்சுடும். ஆபரேஷன்னாலும் மயக்க டாக்டருக்கு இது தெரியணும்.

நிறுத்துறதுல ரெண்டு கதை இருக்கு. பிஎஸ்ஏ 0.1-க்கு வந்துடுச்சு, கேன்சர் போயிடுச்சு, இனி எதுக்கு மாத்திரைன்னு தானா நிறுத்துறது ஒண்ணு. அந்த நம்பரைக் கீழ வெச்சிருக்குறதே மாத்திரை தான், விட்டா கொஞ்ச நாள்ல அது மறுபடி ஏறும், அப்போ பழைய மருந்துக்கே மசியுமான்னு சொல்ல முடியாது. இடைவெளி விட்டுக் குடுக்குற முறை இருக்கு, ஆனா யாருக்கு எப்போங்கிறதை டாக்டர் தான் முடிவு பண்ணணும்.

இன்னொண்ணு இதுக்கு நேர் எதிர், டாக்டரே நிறுத்தச் சொல்றது. ரொம்ப நாள் பைகாலூடமைடு போட்டுட்டு இருந்தவருக்கு பிஎஸ்ஏ ஏற ஆரம்பிச்சா, டாக்டர் முதல்ல பண்றது அந்த மாத்திரையை நிறுத்துறதா இருக்கலாம். வீட்டுல எல்லாரும் பதறிடுவாங்க, நோய் ஏறுது மருந்தை நிறுத்துறாரு, கைவிட்டுட்டாருன்னு. விஷயம் என்னன்னா கேன்சர் செல் காலப்போக்குல உருமாறி, தன்னை மறிக்க வந்த மாத்திரையையே தீனியா எடுத்துக்கப் பழகிடும், 1990கள்ல ஃப்ளூடமைடுல தான் இதை முதல்ல கவனிச்சாங்க. அந்த மாதிரி ஆனவங்கள்ல சிலருக்கு மாத்திரையை நிறுத்தினாலே பிஎஸ்ஏ இறங்கும், எல்லாருக்கும் இல்ல. பைகாலூடமைடு உடம்பை விட்டுப் போகவே வாரக்கணக்குல ஆகும்ங்கிறதால ஆறு வாரம் மாதிரி பொறுத்துப் பாத்துட்டு தான் அடுத்த மருந்தை யோசிப்பாங்க, வலி இருந்தா, நோய் வேகமா இருந்தா அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டாங்க. நிறுத்தச் சொன்னது மாத்திரையை மட்டும் தான். மூணு மாச ஊசி தேதி வந்தா அதைப் போட்டே ஆகணும், "எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டாரு"ன்னு அதையும் சேர்த்து விட்டுட்டு வந்து நிக்கிறவங்க உண்டு.